ஆவடி டாங்கிக்கு உண்டு, ஆராய்ச்சி இணையதளத்துக்கு வேண்டாமா?

ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். இது ஊரறிந்த விஷயம். 1961-ம் ஆண்டு அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது.

செய்து முடித்த டாங்கியை என்ன செய்கிறார்கள்? பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, அப்படியே பட்டாளத்திடம் ஒப்படைத்து விடுகிறார்களா?

இல்லை. ஓட்டிப் பார்க்கிறார்கள். அதுவும் யார் ஓட்டுவது? நாளை எவர் அந்த டாங்கிக்குள் உட்கார்ந்து போருக்குப் போகப் போகிறாரோ, அந்தப் பட்டாளத்து வீரர்!

'அர்ஜுன்' டாங்கியின் கதையைப் பாருங்கள். ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டாங்கி அது. அந்தத் திட்டத்துக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது. ராஜஸ்தான் பாலைவன மணலில் ராணுவத்தினர் அதை ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள், சுட்டார்கள், குறை சொன்னார்கள். ஆவடியில் அந்தக் குறைகளைத் திருத்தினார்கள். மறுபடியும் ஓட்டினார்கள். 2010-ல் ரஷ்ய நாட்டு டி-90 டாங்கியோடு பக்கத்தில் பக்கமாக வைத்துச் சோதித்தார்கள். திருத்தி அமைத்த 'அர்ஜுன் மார்க் 1ஏ' 2021 பிப்ரவரி 14-ந் தேதி சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்தப் பரீட்சைக்கு 'உபயோகிப்போர் சோதனை' என்று பெயர். வடிவமைத்த என்ஜினீயர் "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் போதாது. உபயோகிக்கிறவர் சொல்ல வேண்டும்.

டாங்கிக்கு இருக்கும் இந்த நியாயம், மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் உபயோகிக்கும் இணையதளங்களுக்கும் வேண்டும் அல்லவா? கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் இன்று நாட்டின் அறிவுச் செல்வம் அந்தத் தளங்களுக்குள்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

கோடிக்கணக்கான பணம்

2009-ம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. டாக்டர் பட்டத்துக்கு எழுதும் ஆய்வேட்டைக் கம்ப்யூட்டர் வடிவிலும் கொடுக்க வேண்டும் என்பது அந்த விதி. அவற்றைச் சேர்த்து வைக்க 'ஷோத்கங்கா' என்ற தளம் பிறந்தது. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள 'இன்பிலிப்நெட்' மையம் அதை நடத்துகிறது. இன்று அதில் 5 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வேடுகள் இருக்கின்றன.

கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய டிஜிட்டல் நூலகம் 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தமிழுக்கென்று 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். பழைய நூல்கள், ஓலைச்சுவடிகள், பத்திரிகைகள் அதன் மின்நூலகத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது, 'ஒரு நாடு, ஒரு சந்தா' திட்டம். 2024 நவம்பர் 25-ந் தேதி மத்திய மந்திரிசபை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய 3 ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை ரூ.6 ஆயிரம் கோடி! 30 வெளியீட்டு நிறுவனங்களின் சுமார் 13 ஆயிரம் ஆராய்ச்சி இதழ்கள். அரசாங்கக் கல்வி நிலையங்களும் ஆராய்ச்சி நிலையங்களுமாக 6,300 இடங்கள். படிக்க உரிமை பெறுவோர் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர்.

ஆக, பணம் இருக்கிறது. நூல்களும் இருக்கின்றன. படிக்கத் துடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அதுதான் இணையதளம். அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை என்றால், உள்ளே எத்தனை லட்சம் நூல் இருந்து என்ன பயன்?

பூந்தமல்லியா, பூனமல்லியா?

திருமுல்லைவாயிலில் குடியிருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி முடிந்து மின்சார ரெயிலில் வீடு திரும்புகிறாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கையில் செல்போன் மட்டும் இருக்கிறது. மேற்குப் புறநகரின் சிறு பட்டறைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி அவள் ஆராய்கிறாள். இதற்கு முன் யாராவது இதை எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

தேடும் கட்டத்தில் 'பூந்தமல்லி' என்று தமிழில் அடிக்கிறாள். ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் அடிக்கிறாள். இங்கேதான் வேடிக்கை. தமிழில் பூந்தமல்லி. ஆனால் ஆங்கிலப் பலகையில் எழுத்துக் கூட்டிப் படித்தால் 'பூனமல்லி'. சிலர் உச்சரிப்புப்படியே எழுதுகிறார்கள். இன்னும் சிலர் பழைய பெயரான பூவிருந்தவல்லியையே எழுதுகிறார்கள். அம்பத்தூருக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் ஒருவர் 'டி' என்ற எழுத்தை இரண்டு முறை போடுவார், இன்னொருவர் 'டிஎச்' போடுவார்.

இவை எல்லாம் ஒரே ஊர் என்று மனிதனுக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்காவிட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 'முடிவுகள் இல்லை' என்று சொல்லிவிடும். அந்த மாணவி என்ன நினைப்பாள்? "இதைப் பற்றி யாரும் எழுதவில்லை" என்று நினைப்பாள். எழுதியிருப்பார்கள். பக்கத்துக் கல்லூரியிலேயே எழுதியிருக்கலாம். அது அவள் கண்ணில் படாது.

இன்னும் இருக்கின்றன. பல தளங்களில் நூல்களைத் துறைவாரியாக அடுக்கியிருப்பார்கள். பட்டறைப் பெண்கள் பற்றிய ஆய்வு பொருளாதாரத்தில் இருக்குமா, சமூகவியலில் இருக்குமா, மகளிரியலில் இருக்குமா? அடுக்கியவருக்குத் தெரியும். தேடுகிறவருக்குத் தெரியாது.

பழைய தமிழ் ஆய்வேடுகளில் வேறொரு சிக்கல். யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன், தமிழைக் கம்ப்யூட்டரில் எழுதப் பலவிதமான எழுத்துருக்கள் இருந்தன. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணை பிறப்பித்தது 2010-ல்தான். அதற்கு முந்தைய கோப்புகள் பல, தேடினாலும் சிக்காதவை.

இந்தக் குறைகளைத் தளம் அமைத்தவர் ஏன் கவனிக்கவில்லை? அவர் சோம்பேறி அல்ல. அவருக்குத் தன் வீட்டில் விளக்கு சுவிட்சு எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும். வீட்டுக்குப் புதிதாக வந்தவர்தான் சுவரைத் தடவுவார். அந்தப் புதியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தால்தான், சுவிட்சு தவறான இடத்தில் இருப்பது தெரியவரும்.

டெலிபோன் பட்டன் பிறந்த கதை

உபயோகிக்கிறவரை வைத்தே சோதித்துப் பார்ப்பது புதிய யோசனை அல்ல. டெலிபோனில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு.

வட்டத்தைச் சுழற்றும் டெலிபோனுக்குப் பதிலாகப் பட்டன் டெலிபோன் கொண்டுவர அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடம் திட்டமிட்டது. எண்களை எப்படி அடுக்குவது? கணக்குப் போடும் எந்திரத்தில் 7, 8, 9 மேல் வரிசையில் இருந்தன. அதையே வைத்துவிடலாமா? வட்டமாக வைக்கலாமா? அங்கே ஜான் கார்லின் என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு குழுவை நடத்திவந்தார். அந்தக் குழு பலவிதமான அடுக்குகளைச் செய்து, சாதாரண மக்களிடம் கொடுத்து எண்களை அழுத்தச் சொன்னது. எதில் வேகம் அதிகம், எதில் தவறு குறைவு, எது அவர்களுக்குப் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டது.

அப்படித் தேறியதுதான் 1, 2, 3 மேல் வரிசையில் வரும் அடுக்கு. 1963 நவம்பரில் அது அமெரிக்காவில் உபயோகத்துக்கு வந்தது. இன்று பாடியில் கீரைக்கடை வைத்திருப்பவரின் செல்போனிலும் அதே அடுக்குதான் இருக்கிறது!

கம்ப்யூட்டர் உலகத்திலும் இந்த முறை வேரூன்றியது. 1985-ல் ஜான் கௌல்ட், கிளேட்டன் லூயிஸ் என்ற இரண்டு அமெரிக்க நிபுணர்கள் மூன்று விதிகளைச் சொன்னார்கள். ஆரம்பத்திலிருந்தே உபயோகிப்பவரை நினைவில் வை. அவரை வைத்துச் சோதித்து அளந்து பார். திருத்து, மறுபடியும் சோதி.

ஆவடியில் டாங்கிக்குச் செய்ததும் இதைத்தானே!

பரீட்சை எப்படி நடக்கும்?

இதற்குப் பெரிய கூடம் வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அந்த ஆள் வழக்கமாக உபயோகிக்கும் செல்போன் அல்லது கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும்.

முதலில் வந்தவரின் பயத்தைத் தெளிவிக்க வேண்டும். "சோதிப்பது உங்களை அல்ல, இந்தத் தளத்தைத்தான். நீங்கள் திணறினால் அது தளத்தின் குற்றம்" என்று சொல்லிவிட வேண்டும். திரையில் நடப்பதைப் பதிவு செய்வதாக இருந்தால் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும்.

பிறகு உண்மையான வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும். "நெசவாளர் வாழ்க்கை பற்றி 2015-க்குப் பிறகு தமிழில் வந்த ஆய்வேடு ஒன்றை எடுத்து, அதன் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டுங்கள்" என்பது நல்ல வேலை. "மேலே உள்ள தேடும் பட்டனை அழுத்துங்கள்" என்பது வேலை அல்ல. அது விடையைச் சொல்லிக் கொடுப்பது.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். "இதை அழுத்தினால் திறக்கும் என்று நினைத்தேன், திறக்கவில்லை." "இந்த வார்த்தைக்கு அர்த்தம் புரியவில்லை." இப்படி வரும் ஒவ்வொரு வார்த்தையும் பொன்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்! இதுதான் மிகவும் கஷ்டமான பகுதி. தளத்தை அமைத்தவருக்குக் கை துடிக்கும். "அங்கே அழுத்துங்களேன்" என்று வாய் வரை வரும். சொல்லக் கூடாது. இரவு 11 மணிக்கு அந்த மாணவி தன் வீட்டில் தனியாகத் திணறும்போது, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல யார் இருப்பார்கள்?

வேலை முடிந்ததா, எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை முறை தவறான இடத்துக்குப் போனார், எந்த இடத்தில் கைவிட்டார் என்று குறித்துக்கொண்டால் போதும்.

"தளம் எப்படி இருக்கிறது?" என்று கருத்துக் கேட்டு விண்ணப்பம் அனுப்புவது இதற்கு ஈடாகாது. பேராசிரியர் கேட்டால் மாணவர் "நன்றாக இருக்கிறது ஐயா" என்றுதான் சொல்வார். கை திணறுவதைக் கண்ணால் பார்த்தால் மரியாதைக்காகச் சொல்லும் பொய் எடுபடாது.

ஐந்தே பேர்!

"ஆயிரம் பேரைக் கூப்பிட வேண்டுமே, அதற்குப் பணம் ஏது?" என்று அதிகாரிகள் கேட்கலாம்.

ஐந்து பேர் போதும் என்றார், டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன். தாமஸ் லாண்டவர் என்பவரோடு சேர்ந்து 1993-ல் இவர் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒருவர் உட்கார்ந்தாலே சராசரியாகக் குறைகளில் சுமார் 31 சதவீதம் வெளியே வந்துவிடும். இரண்டாமவர் அவற்றில் சிலவற்றை மீண்டும் காட்டுவார், புதிதாகச் சிலவற்றையும் காட்டுவார். ஐந்தாவது ஆள் எழுந்திருக்கும்போது சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆகவே 15 பேருக்குப் பணம் இருந்தால், எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட வேண்டாம். ஐந்து பேரை வைத்துப் பார்த்துத் திருத்து. மறுபடி ஐந்து பேர். மறுபடி திருத்து. இது நீல்சன் சொன்ன யோசனை.

இதை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. லாரா பாக்னர் என்ற ஆராய்ச்சியாளர் 60 பேரை வைத்துச் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார். ஐந்து ஐந்து பேராகப் பிரித்துப் பார்த்தபோது, சில ஐவர் குழுக்கள் ஏறக்குறைய எல்லாக் குறைகளையும் கண்டுபிடித்தன. சில குழுக்கள் 55 சதவீதத்தோடு நின்றுவிட்டன.

இதிலிருந்து தெரிவது என்ன? எந்த ஐந்து பேர் என்பது முக்கியம். தளம் அமைத்த பேராசிரியரின் சொந்த மாணவர்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டால் பயன் இல்லை. முதன்முதலாக ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர், செல்போன் மட்டும் வைத்திருக்கும் ஒருவர், தமிழில் மட்டும் தேடுகிற ஒருவர், ஒரு நூலகர் என்று கலந்து இருக்க வேண்டும்.

ஐந்தாவது ஆள் யார்? அவரைத் தேடி வெகு தூரம் போக வேண்டாம். பூந்தமல்லிக்குப் போனால் போதும்.

கண் இல்லாதவர் காட்டும் குறை

பூந்தமல்லியில், பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியும் அந்த ஊரில் உண்டு. சென்னையைச் சுற்றி எத்தனையோ ஊர்கள் இருந்தும், இந்தப் பெருமை பூந்தமல்லிக்கு அமைந்தது.

பார்வையற்றவர் கம்ப்யூட்டரை எப்படி உபயோகிக்கிறார்? திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள் உண்டு. 'என்.வி.டி.ஏ.' என்பது அதில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-ல் தொடங்கிய முயற்சி அது. காசு கொடுக்காமலே பெறலாம்.

ஆனால் அந்த மென்பொருள் எழுத்தைத்தான் படிக்கும். படத்தைப் படிக்காது. ஆய்வேட்டின் பக்கங்களைப் போட்டோ போல் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால், அதற்கு அது வெறும் படம். 300 பக்கமும் மௌனம்தான். பட்டனுக்குப் பெயர் எழுதாமல் வெறும் சித்திரம் வைத்திருந்தால் "பட்டன், பட்டன், பட்டன்" என்றே சொல்லிக்கொண்டு போகும். எதற்கான பட்டன் என்று தெரியாது. நெளிந்த எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் 'கேப்சா' என்ற பூட்டு வந்தால், அங்கேயே பயணம் முடிந்தது.

டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் இன்று பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். ஒரு ஆய்வேட்டைப் படித்துக் காட்ட, ஒவ்வொரு முறையும் இன்னொருவர் தயவை அவர்கள் ஏன் நாட வேண்டும்?

இதில் மற்றவர்களுக்கும் லாபம் உண்டு. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றிவிட்டால், பார்வையற்றவர் கேட்கலாம். திருமுல்லைவாயில் மாணவி அதே பக்கத்துக்குள் வார்த்தையைத் தேடவும் செய்யலாம். கண் இல்லாதவர் காட்டும் குறையைத் திருத்தினால், கண் உள்ளவருக்கும் வழி திறக்கிறது.

கோர்ட்டு சொன்னது

இது தயவு தாட்சணியம் அல்ல, உரிமை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. அரசாங்க இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2009-லேயே வழிகாட்டு விதிகள் வந்தன. 2018-லும் 2023-லும் அவை புதுப்பிக்கப்பட்டன.

2025 ஏப்ரல் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோர் அந்தத் தீர்ப்பை அளித்தார்கள். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும், பாங்குக் கணக்கு போன்றவற்றுக்காக டிஜிட்டல் முறையில் தங்களை அடையாளம் காட்ட முடியாமல் தவித்ததைப் பற்றிய வழக்கு அது. டிஜிட்டல் வசதிகளை அடைவது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று கோர்ட்டு கூறியது. அதோடு நிற்கவில்லை. பாங்கு போன்ற நிறுவனங்கள் இணையதளமோ செயலியோ அமைக்கும்போது, உபயோகிப்போர் சோதனையில் பார்வையற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

பாங்குக்கு ஒரு நியாயம், பல்கலைக்கழகத்துக்கு ஒரு நியாயமா? பணம் எடுக்கும் கதவுக்கு இந்தச் சோதனை அவசியம் என்றால், அறிவு எடுக்கும் கதவுக்கும் அவசியம்தான்.

விதி இருக்கிறது என்பதற்காகப் பரீட்சையை விட்டுவிடவும் முடியாது. எழுத்தின் அளவு சரி, வண்ணம் சரி, படத்துக்கு விளக்கம் உண்டு என்று பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறி போட்டுவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும், வேண்டிய ஆய்வேடு கைக்கு வராமல் போகலாம். எல்லா உறுப்பும் அளவுப்படி இருந்த டாங்கியையும் மணலில் ஓட்டித்தானே பார்த்தார்கள்?

கைக்கு எட்டும் தூரத்தில்

மேற்குப் புறநகரைப் போல இதற்கு ஏற்ற இடம் அரிது. ஆவடியிலும் பூந்தமல்லியைச் சுற்றியும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத்து பட்டறைகளின் பக்கத்திலேயே இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கின்றன. பூந்தமல்லியில் பார்வையற்றோர் மையம் இருக்கிறது. இந்த மூவரும் ஒரே பஸ்சில் வந்து சேரக்கூடிய தூரம்தான்.

ஒரு கல்லூரி நூலகம் மாதம் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். ஐந்து பேரை வரவழைக்கலாம். பஸ் செலவும் சாப்பாடும், அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஒரு சன்மானமும் கொடுக்கலாம். கண்ட குறைகளை எழுதி, தளத்தை நடத்துவோருக்கு அனுப்பலாம். அவர்கள் எதைத் திருத்தினார்கள், எதைத் திருத்தவில்லை என்று அடுத்த மாதம் பார்க்கலாம். தளத்தை அமைக்க ஒப்பந்தம் போடும்போதே "உபயோகிப்போர் சோதனையில் தேறினால்தான் கடைசித் தவணைப் பணம்" என்று அரசாங்கமும் பல்கலைக்கழகங்களும் ஒரு வரி சேர்க்கலாம்.

6 ஆயிரம் கோடி ரூபாய்க்கு இதழ்களை வாங்கிய நாட்டுக்கு, ஐந்து பேருக்கு ஒரு நாள் சாப்பாடு போடுவது பெரிய செலவு அல்ல.

ஆவடியில் செய்த டாங்கி பாலைவனத்தில் நின்றுவிட்டால் ஊருக்கே தெரியும், பத்திரிகையில் வரும். திருமுல்லைவாயில் வீட்டில் ஒரு மாணவி 'முடிவுகள் இல்லை' என்று வந்ததும் செல்போனை மூடி வைத்துவிட்டால், அது யாருக்கும் தெரியாது. அவள் புகாரும் எழுத மாட்டாள். "எனக்குத்தான் தேடத் தெரியவில்லை" என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவாள்.

அதனால்தான் அவளை அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.